லைனரைச் சுருட்டியபின் தெரிந்த தரை

மே மாதத்தில்தான் நீச்சல் பள்ளிகளுக்கு வருமானம். பள்ளிக்கூடம் லீவு, வெயில் கொளுத்துகிறது, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பேட்ச் பேட்சாகப் பிள்ளைகள் வருவார்கள். அந்த மாதத்தில் தாம்பரத்துக்குக் கிழக்கே செம்பாக்கத்தில் ஒரு சிறிய நீச்சல் பள்ளி, கேட்டில் ‘வகுப்புகள் இல்லை’ என்று அட்டை மாட்டிவிட்டுக் குளத்தை இறைத்துக்கொண்டிருந்தது.

“லைனருக்கு அடியில தரை போயிடுச்சு சார். வந்து பாக்கணும்னா இப்பவே வந்துடுங்க. மூடிட்டா அப்புறம் யாரும் பாக்க முடியாது” என்று பள்ளியை நடத்தும் மாஸ்டர் போனில் சொல்லியிருந்தார்.

கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து வேளச்சேரி பிரதான சாலையில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், அடுத்தது செம்பாக்கம். ஊர் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று கடைப் பலகையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எல்லாமே 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்ட ஊர்கள். சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வீடுகள், நடுவில் நாலைந்து தென்னைகள் நிற்கும் ஒரு மனை, அதில் இருபத்துநாலு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலத்தில் குளம். ஒரு முனையில் மூன்றடி ஆழம், மறுமுனையில் ஐந்தடி. நீச்சல் கற்கும் சிறுவர்களுக்கு அது போதும்.

சென்னையில் நாம் பார்க்கும் நீச்சல் குளங்கள் பெரும்பாலும் கான்கிரீட் தொட்டி, மேலே டைல்ஸ். வேளச்சேரியில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் குளம் இருக்கிறதே, 1995 தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டியது, அதெல்லாம் அந்த வகை. இந்தக் குளம் வேறு. சுற்றிலும் பிளாக் கட்டுச் சுவர். தரைக்கு, கெட்டித்த மண்ணின் மேல் இரண்டு அங்குலக் கனத்தில் சிமென்ட் கலவை, அவ்வளவுதான். தண்ணீரைத் தாங்கிப் பிடிப்பது மேலே பை மாதிரி தொங்கும் வினைல் லைனர். அதன் கனம் முக்கால் மில்லிமீட்டர். கம்பி கட்டி கான்கிரீட் போடுவதைவிடச் செலவு குறைவு என்பதால் 2015 வெள்ளத்துக்கு மறு வருஷம் இப்படிக் கட்டினாராம்.

இந்த வகைக் குளம் தவறானது அல்ல. வட அமெரிக்காவில் வீட்டுக் கொல்லைகளில் ஏராளமான குளங்கள் இதே முறையில்தான் இருக்கின்றன. ஆனால் இதில் தரைக்குத் தனி பலம் கிடையாது. கீழே மண் எப்படி இருக்கிறதோ, தரையும் அப்படி. மேலே நீல நிறத்தில் பளபளவென்று இருப்பதைத்தான் எல்லோரும் குளம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் எது கெட்டாலும் முதலில் லைனர்காரருக்குத்தான் போன் போகிறது.

இங்கேயும் அப்படித்தான். ஆழம் குறைந்த பக்கத்தில், பிள்ளைகள் நின்று மூச்சு விடப் பழகும் இடத்தில், காலுக்கடியில் தரை மெதுவாக அமுங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு விரற்கடை. பிறகு நாலு அங்குலம். மூன்றடி ஆழத்தில் மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேல் நிற்கும் உயரமுள்ள ஒரு பிள்ளைக்கு நாலு அங்குலம் என்பது சாதாரணப் பள்ளம் இல்லை. ஒரு சிறுமி பின்னால் ஒரு அடி வைத்தவள் சட்டென்று முழுகி, கையைத் தூக்கினாள். மாஸ்டர் பக்கத்திலேயே நின்றதால் உடனே தூக்கிவிட்டார். “அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல” என்றார். அந்தப் பக்கத்தைக் கயிறு கட்டி மறைத்து, கோடை வருமானத்தை விட்டுவிட்டு, குளத்தை மூடும் முடிவை அவர் எடுத்ததற்கு அந்த ஒரு நொடிதான் காரணம். குழந்தைகள் நிற்கும் தரை மட்டமாக இருக்க வேண்டும் என்பதை இவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொண்ட மனிதரைப் பார்த்ததில் எனக்கு மிகுந்த மரியாதை வந்தது.

இதற்கு முன்னால் ஒருமுறை ரிப்பேர் நடந்திருக்கிறது. போன வருஷம் தை மாதம். பொங்கல் முடிந்த கையோடு குளத்தை இறைத்து, லைனரை ஓரமாகத் தூக்கி, பள்ளத்தில் கலவையைக் கொட்டித் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தரையிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததாம். சாக்கை வைத்து ஒற்றி எடுத்துவிட்டுப் பூசினார்களாம். தீபாவளிக்குள் பழைய பள்ளம் இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது.

அது ஏன் என்பதை இந்த முறை வேலைக்கு வந்த மேஸ்திரி எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். தாம்பரம் வட்டாரத்தில் சம்ப், கிணற்று உறை, பேஸ்மென்ட் என்று தண்ணீரோடு மல்லுக்கட்டும் வேலையாகவே பார்த்தவர். ஒரு சதுர அடித் தரையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அங்குலக் கலவையின் எடை சுமார் பத்து கிலோ. அதன் மேல் நாலடித் தண்ணீர் நின்றால் 113 கிலோ கீழ்நோக்கி அழுத்துகிறது. வெளியே மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர், தரையின் மட்டத்தைவிட ஒவ்வொரு அடி உயரும்போதும் 28 கிலோ வீதம் மேல்நோக்கித் தள்ளுகிறது. குளம் நிறைந்திருக்கும்வரை உள்ளே இருக்கும் எடைதான் ஜெயிக்கும். தை மாதத்தில் பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் நில மட்டத்திலிருந்து இரண்டரை அடிக் கீழே நின்றது. ஐந்தடி ஆழ முனையில் கணக்குப் பார்த்தால் மேல்நோக்கி 70 கிலோ. குளத்தை இறைத்ததும் எதிர்த்து நிற்க மிச்சமிருந்தது அந்தப் பத்து கிலோ கலவை மட்டும்.

“அப்ப தரை மேல தூக்கி விரிசல் விட்டிருக்கும் சார். விரிசல் வழியா தண்ணி வரும்போது சும்மா வராது, மண்ணையும் கூட்டிட்டு வரும். மண்ணு வந்த இடம் காலி. அது மேல பூசுனா என்னாகும்? திரும்பத் தண்ணிய நிரப்புனதும் உக்காந்துடும்.”

கெட்ட தரையைவிட, கெட்ட நேரத்தில் செய்த ரிப்பேர் செய்த சேதம் அதிகம் என்பதுதான் அந்த இடத்தில் நின்று பார்த்தபோது எனக்குப் பட்டது. சென்னைக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பெய்தது. அடையாற்றங்கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகியதை எல்லோரும் பார்த்தோம். மழை நின்றதும் தெருத் தண்ணீர் சில நாளில் வடிந்துவிடும். மண்ணுக்குள் போன தண்ணீர் இறங்க மாசிக்கும் மேல் ஆகும். லீவு, ஆள் கிடைப்பது, ஜனவரியில் குளிர்ந்த தண்ணீருக்கு யாரும் வராதது எல்லாம் சேர்ந்து, குளத்தை இறைக்க வசதியான மாதமாகத் தையைத்தான் காட்டும். மண்ணுக்கு அது ஆகாத மாதம்.

செம்பாக்கத்தில் இந்த மண்ணடித் தண்ணீர் இன்னும் கூடுதல். இந்த வட்டாரத்து ஏரிகள் ஒன்றின் உபரி இன்னொன்றுக்குப் போகும்படி வெட்டப்பட்டவை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் ஏரிகளின் நீர் செம்பாக்கத்துக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும். 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதே பள்ளிக்கரணைதான். ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சை நிலங்கள் இன்று மனைகள். நெல் நட்டவர்களுக்கு வரமாக இருந்த ஏரிக் கசிவு, அதே நிலத்தில் ஐந்தடிப் பள்ளம் தோண்டிக் குளம் கட்டியவருக்குத் தொல்லையாகிறது. ஏரியின் மேல் குற்றமில்லை. அது அங்கே பல நூறு ஆண்டுகளாக இருக்கிறது. பள்ளம் தோண்டுமுன் நாம்தான் பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த முறை மேஸ்திரி முதலில் செய்தது அதைத்தான். குளத்தின் ஆழ முனைக்கு வெளியே, கை ஆகர் கொண்டு ஏழடிக்குத் துளையிட்டு, அடிப்பகுதியில் வெட்டுக்கள் போட்ட ஆறு அங்குல பிவிசி பைப்பை இறக்கி, சுற்றிலும் சிறு ஜல்லி போட்டிருந்தார். நூலில் ஒரு போல்ட்டைக் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தாராம். ஏழடியில் அடிமண் ஈரம்தான், தண்ணீர் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் இறைக்கும் மோட்டாரைப் போடச் சொன்னாராம்.

இறைத்த தண்ணீர் சுமார் முப்பத்திரண்டாயிரம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரிக் கணக்கில் கிட்டத்தட்ட மூன்று லோடு. கோடையில் இந்த ஏரியாவில் ஒரு லோடுக்கு எத்தனை பேர் போன் போட்டுக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்த யாருக்கும் அதைச் சாக்கடையில் விட மனம் வராது. மாஸ்டர் குளோரின் போடுவதை முன்கூட்டியே நிறுத்தி, வெயிலில் காயவிட்டு, டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டிய பிறகு தென்னைகளுக்கும் பக்கத்து மனைகளின் மரங்களுக்கும் ஹோஸ் போட்டு விட்டிருந்தார். மிச்சத்தைத் தரை வேலைக்கென்று டிரம்களில் பிடித்து வைத்திருந்தார்கள்.

நான் போனபோது லைனரைச் சுவர் ஓரத்துப் பள்ளத்திலிருந்து கழற்றிச் சுருட்டி ஒதுக்கியிருந்தார்கள். ஒன்பது வருஷம் ஓடிய லைனர். தண்ணீருக்கு மேலே வெயில் பட்ட விளிம்பு வெளுத்து, மடித்தால் கீறல் விழும் அளவுக்கு விறைத்துப் போயிருந்தது. திரும்ப மாட்ட முடியாது. அடியில் சாம்பல் நிறத் தரை. புழுங்கிய ஈர மண் வாசனை. ஏணியில் இறங்கி வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்த பள்ளம் இரண்டடிக்கு ஒன்றரை அடி இருக்கும்.

மேஸ்திரி ஒரு சின்னச் சுத்தியலோடு தரை முழுக்கத் தட்டிக்கொண்டு போனார். கெட்டியான இடத்தில் ‘டங்’ என்று வந்தது. பள்ளத்தின் அருகே ‘பொத்’ என்று அடங்கியது. ‘பொத்’ வந்த இடத்தையெல்லாம் சாக்கட்டியால் கோடிட்டுக்கொண்டே வந்தார். கோடு பள்ளத்தோடு நிற்கவில்லை. ஆழ முனையின் அடி வடிகாலில் தொடங்கி, குளத்தின் நடுவாக, ஆழம் குறைந்த பக்கத்தைத் தாண்டி மோட்டார் ரூம் திசையில் இரண்டடி அகலத்துக்கு நீண்டுகொண்டே போனது. தரைக்கு மேலே எதுவும் தெரியாத இடங்கள் அவை. கோடு முடிந்ததும் மாஸ்டர் நிமிர்ந்து, “இது பைப் போற லைன் ஆச்சே” என்றார்.

பெருச்சாளி வளை என்று முன்னால் யாரோ சொல்லியிருந்தார்களாம். தாம்பரத்துப் பெருச்சாளிகளால் அது முடியாத காரியம் இல்லை. ஆனால் வளை இப்படி நூல் பிடித்தாற்போல் நேராகப் போகாது. குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கை பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார்கள். மீட்டர் முள் நிற்கவில்லை. கண்ணெதிரே இறங்கியது. வெட்டிப் பார்த்ததில் ஒரு எல்போ மூட்டில் முடி அளவு கசிவு. குளம் கட்டும்போது குழாய்க்காகத் தோண்டிய வாய்க்காலைத் திமிசு போடாமல் வெறும் மணலைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். மூட்டிலிருந்து கசிந்த தண்ணீர் வருஷக்கணக்கில் அந்த மணலை அரித்துக்கொண்டே போயிருக்கிறது. போதாததற்குப் போன வருஷத் தையில் கீழிருந்து வந்த ஊற்று மிச்ச மணலையும் கிளறிவிட்டது. தரை, பாதி தூரத்துக்கு, கீழே எதுவும் இல்லாமல் நின்றிருந்தது.

அப்போதுதான் மேஸ்திரி காம்பவுண்டுச் சுவர் ஓரமாக இருந்த சிமென்ட் மூடியைக் காட்டினார். மழைநீர் சேகரிப்புக் குழி. மொட்டைமாடித் தண்ணீர் முழுவதும் குளத்திலிருந்து எட்டடி தூரத்தில் மண்ணுக்குள் இறங்குகிறது. 2003-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இந்த மாநிலத்தில் நடந்த மிக நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன். குழியை மூடிவிடலாமா என்று யாரும் அங்கே பேசவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் அது இருக்கும் இடம் தவறு. ஐப்பசி கார்த்திகையில் மற்ற மனைகளைவிட இந்தக் குளத்தின் அடியில் தண்ணீர் முன்கூட்டியே ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். மனையின் முன்பக்கத்துக்கு, குளத்தைவிட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, புதிய குழி எடுத்துக் குழாயைத் திருப்புவது என்று முடிவானது.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். கோடிட்ட இடம் முழுவதையும் கட்டிங் மெஷினால் வெட்டி எடுத்தார்கள். நன்றாக இருக்கும் கலவையில் ஓரங்கள் செங்குத்தாக, அடியில் சற்று உள்வாங்கினாற்போல் நிற்க வேண்டும். பள்ளத்தின் மேலேயே கலவையைத் தடவி ஓரத்தில் ஒன்றுமில்லாமல் இழைத்துவிட்டால் அந்த மெல்லிய விளிம்பு அடுத்த வருஷம் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து, அந்தச் சில்லுகளே லைனரைக் கிழிக்கும். போன ரிப்பேரின் ஓரம் அப்படித்தான் ஆகியிருந்தது. கையால் தடவினேன், ஒரு சில்லு விரலைக் கீறியது. அதே முனை, மூன்றடித் தண்ணீரின் எடையோடு, முக்கால் மில்லிமீட்டர் வினைலை எத்தனை மாதம் அழுத்திக்கொண்டிருந்திருக்கும்!

உள்ளே இருந்த ஈர மணலைக் கெட்டி மண் வரும்வரை வாரிக் கொட்டினார்கள். ஒரு பன்னிரண்டு எம்எம் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திப் பார்த்தபோது, மணல் இருந்த இடத்தில் ஒரு சாண் உள்ளே போனது. இளமஞ்சள் சரளை தட்டிய இடத்தில் விரற்கடைகூட இறங்கவில்லை. அதுதான் நிறுத்த வேண்டிய இடம். குழாயின் மூட்டை மாற்றி, மறுபடி அழுத்தம் ஏற்றி, முள் அசையாமல் நின்ற பிறகு நிரப்பத் தொடங்கினார்கள். கிரஷர் தூளும் ஆறு எம்எம் ஜல்லியும், கொஞ்சம் சிமென்டும், கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரமும். நாலு அங்குலத்துக்கு ஒரு அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் திமிசு. இரண்டு பேர் மாற்றி மாற்றி இடித்தார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் குளத்துக்குள் காற்று கிடையாது. தார்ப்பாய்ப் பந்தலின் கீழேயும் அவர்கள் முதுகில் வியர்வை ஓடையாக இறங்கியது. மொத்தமாகக் கொட்டி மேலே ஒருமுறை இடித்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுக்கு அடுக்காகச் செய்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. மறுபடி அதே கம்பியை அழுத்திக் காட்டினார்கள். இறங்கவில்லை.

இந்தப் பக்கத்துக் குவாரி ஜல்லி பெரும்பாலும் சார்னோகைட் என்ற நீலச்சாம்பல் கல். பல்லாவரம், பரங்கிமலைப் பாறையை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதியில் இருந்ததும் இதே கல் என்று கண்டு 1893-இல் அந்தப் பெயரை வைத்தார். உலகெங்கும் புவியியல் மாணவர்கள் படிக்கும் ஒரு பாறையைத்தான் சித்தாள் ஒருவர் பாண்டில் தலைச்சுமையாக இறக்கிக்கொண்டிருந்தார்.

மேல் பூச்சுக்கு வெளிநாடுகளில் வெர்மிகுலைட்டும் சிமென்டும் கலந்த கலவையைப் போடுவார்கள். எடை குறைவு, காலுக்கு மெத்தென்று இருக்கும். வெர்மிகுலைட் நமக்கும் புதிதல்ல. திருப்பத்தூர் பக்கம் சேவத்தூரில் அரசின் டாமின் நிறுவனம் எடுக்கிறது. இங்கும் நாற்றுப் பண்ணைகளில் விற்கிறார்கள். மாஸ்டர் அதைக் கேட்டார். மேஸ்திரி மறுத்தார். சுற்றிலும் இருப்பது கெட்டியான மணல் கலவை. நடுவில் மட்டும் மெத்தென்ற பூச்சு வந்தால், இரண்டும் சேரும் கோட்டில் காலம் போகப் போக ஒரு வரப்பு எழும். பழைய தரை எதுவோ ஒட்டும் அதுவாகவே இருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி. சலித்த பி-சாண்டில் ஒன்றுக்கு நாலு. பழைய ஓரங்களைக் கொத்தி, நனைத்து, சிமென்ட் பால் அடித்து, அது காயுமுன் கலவையை அழுத்திப் போட்டு, மட்டப்பலகை இழுத்து, இரும்புக் கரண்டியால் இழைத்தார்கள். இதெல்லாம் விடியற்காலையில். எட்டு மணிக்கு மேல் பூசினால் மேல்தோல் காய்ந்து வெடித்துவிடும். அதன் பிறகு ஒரு வாரம் ஈரச் சாக்கு.

அந்த வாரத்தில் கோரைப்புல்லைக் கவனித்தார்கள். பழைய லைனரில் ஆழம் குறைந்த பக்கச் சுவரோரம் குண்டூசித் துளைகள் இருந்தன. மாஸ்டர் யாரோ காம்பஸை வைத்துக் குத்தியதாக நினைத்திருந்தார். தரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் வெளிறிய முளைகள் எட்டிப் பார்த்தன. கோரையின் முளை நுனி கோணி ஊசி போல இருக்கும். காய்கறித் தோட்டத்தில் மல்ச்சிங் ஷீட் போட்ட விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும், ஷீட்டைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். சித்த மருந்துக்கு ஆகிற கிழங்குதான், ஆனால் களை என்று பார்த்தால் உலகின் மிக மோசமானவற்றில் ஒன்று. மேலே பிடுங்கினால் போகாது. கீழே கிழங்கு கிழங்காகச் சங்கிலி ஓடும். சுவருக்கு வெளியே ஒன்றரை அடி தோண்டி, மண்ணைச் சல்லடையில் சலித்துக் கிழங்குகளைப் பொறுக்கினார்கள். கறுப்பாக, சுண்டைக்காய் அளவில், முறத்தில் ஒரு குவியல். பிறகு குளத்தைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குக் கான்கிரீட் பட்டை. இடுக்கைக் கலவையால் அடைத்தார்கள்.

நான் பார்த்ததில் மிகவும் பிடித்தது ராத்திரிச் சோதனைதான். இருட்டியபிறகு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, மேஸ்திரி ஒரு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தார். பகலில் கண்ணாடி மாதிரி தெரிந்த தரையில் இப்போது ஒவ்வொரு மணல் மணிக்கும் ஒரு நிழல். கரண்டி தூக்கிய இடத்தில் ஒரு மெல்லிய கோடு, பழையதும் புதியதும் சேரும் இடத்தில் ஒரு சின்ன மேடு. நிழல் விழுந்த இடத்தில் சாக்கட்டிக் குறி. மறுநாள் காலை அந்த இடங்களைக் கார்போரண்டம் கல்லால் தேய்த்து, வாக்குவம் போட்டுத் தூசி எடுத்து, ஈரத்துணியால் துடைத்தார்கள். மாஸ்டர் முழங்காலிட்டு ஆழம் குறைந்த பக்கம் முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அடுத்து வெள்ளை ஜியோ டெக்ஸ்டைல் துணி, ஒட்டு விளிம்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல்.

புது லைனருக்கு அளவெடுத்தது தரை முடிந்த பிறகுதான். பழைய அளவைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. லைனரைக் குளத்தைவிடக் கொஞ்சம் சிறியதாகவே தைப்பார்கள், தண்ணீர் எடையில் இழுபட்டுப் பொருந்துவதற்காக. தரை அரை அங்குலம் ஏறியிருந்தாலும் மூலையில் சுருக்கமோ, விறைப்போ வரும். வந்த லைனரை வெயிலில் சற்று விரித்து வைத்து இளக்கி, சுவர் விளிம்பில் மாட்டி, அதற்கும் சுவருக்கும் நடுவே வாக்குவம் குழாயை விட்டுக் காற்றை உறிஞ்சினார்கள். தொளதொளவென்று கிடந்த நீலத்துணி ஒரே இழுப்பில் சுவரோடும் தரையோடும் அப்பிக்கொண்டது. தரையில் குறை ஏதும் மிச்சம் இருந்தால் அப்போது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். எல்லோரும் குனிந்து பார்த்தோம். பள்ளம் இருந்த இடத்தை என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை.

தண்ணீர் அரை அடி ஏறும்வரை மாஸ்டர் உள்ளேயே நின்று, காலால் சுருக்கங்களை ஓரத்துக்கு நீவிக்கொண்டிருந்தார். லைனர் தரையில் அழுந்தி உட்கார்ந்த பிறகே அடி வடிகாலின் வளையத்தைப் புது கேஸ்கெட்டோடு திருகி, அதற்குள் இருந்த வினைலை வெட்டி எடுத்தார்கள். முன்பே வெட்டியிருந்தால் லைனர் இழுபடும்போது அந்த ஓட்டை நகர்ந்துவிடும்.

ஆழ முனைக்கு வெளியே இறக்கிய பைப் நிரந்தரமாக அங்கேயே இருக்கப்போகிறது. அதற்கு ஒரு மூடி போட்டு, ஒரு சிறிய மோட்டார் இறக்க வழி வைத்திருக்கிறார்கள். விதி ஒன்றுதான்: பைப்புக்குள் இருக்கும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே குளத்துத் தண்ணீர் ஒருபோதும் இறங்கக் கூடாது. ஐப்பசி பிறந்தால் வாரம் ஒருமுறை, மழை பலமாக இருந்தால் தினமும், நூலை விட்டு அளந்து நோட்டில் எழுதும் வேலை பள்ளியின் உதவியாளரான ஒரு இளைஞனுக்கு. “தம்பி, மூணடிக்கு மேல வந்துச்சுன்னா மோட்டாரப் போடு, என்னைக் கேக்க வேணாம்” என்று மாஸ்டர் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வகைக் குளங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பண்ணை வீடுகளிலும், மேடவாக்கம், வண்டலூர் பக்கத்துத் தனி வீடுகளிலும் பெருகி வருகின்றன. கடற்கரை மணல், ஏரிக் களிமண், சரளை என்று அரை மணி நேரப் பயணத்துக்குள் மண் மாறிவிடும் பகுதி இது. குளம் கட்டித் தருகிறவர்களிடம் லைனரின் நிறத்தையும் டிசைனையும் கேட்பதற்கு முன்னால், அடியில் என்ன மண், கார்த்திகையில் தண்ணீர் எத்தனையாவது அடியில் நிற்கும், குழாய் வாய்க்காலை எப்படி மூடுவீர்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் இறங்கும் குளமாக இருந்தால் மண் பரிசோதனை செய்யாமல் கட்டவே கூடாது என்பேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த பிறகு மாலை வகுப்புகளோடு நீச்சல் பள்ளி மீண்டும் தொடங்கியது. கோடைக்குக் கட்டியிருந்த பணத்தை மாஸ்டர் பெற்றோர்களிடம் திருப்பிக் கொடுத்திருந்தார். பலர் அதை அப்படியே அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். முன்பக்க மழைநீர்க் குழிக்கு இடம் குறித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. உறை வளையங்கள் வந்து இறங்கியிருக்கின்றன. ஆடிக்குள் தோண்டி முடித்துவிட வேண்டும் என்று மேஸ்திரியிடம் நாள் வாங்கியிருக்கிறார்.